செம்பியை விற்ற பணம்

"இந்தப் பணத்துக்கு நல்ல சாதி நாய்க்குட்டியே இரண்டு வாங்கிவிடலாமே, சார்."

அலுவலகத்தில் பக்கத்து மேசை நண்பர் இப்படிச் சொன்னபோது அவர் முகத்தில் கேலி இல்லை. என் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நான் கடன் வாங்கியிருப்பது அவருக்குத் தெரியும். மேசையில் கிளிப் போட்டு வைத்திருந்த நாய் மருத்துவ ரசீதுகளைப் பார்த்துவிட்டு, என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், நாள்தோறும் சலைன், வாந்தி நிற்க ஊசி என்று மூன்று வாரத்தில் ₹37,200 ஆகியிருந்தது. 2025 ஆகஸ்ட் மாதம் அது.

எங்கள் குட்டிக்கு அப்போது வயது பன்னிரண்டு. பெயர்தான் குட்டி. 2013 ஐப்பசி மழையில், குடியிருப்பின் மோட்டார் அறைக்குள் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த நாட்டு நாய்க்குட்டியை என் மனைவி துண்டில் சுற்றித் தூக்கி வந்தாள். மழை விட்டதும் விட்டுவிடலாம் என்றுதான் பேச்சு. அதன் பிறகு எத்தனையோ மழை வந்து போய்விட்டது. இப்போது சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. இனி முழுதாகக் குணப்படுத்த முடியாது, வேதனை தெரியாமல் வைத்துக்கொள்ளலாம், எவ்வளவு நாள் என்று சொல்ல இயலாது என்று மருத்துவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். கெட்டியாகப் பேசக்கூடிய நல்ல மருத்துவர்.

நண்பருக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை. அந்தப் பதிலைச் சொல்ல 1994-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். தேநீர் இடைவேளைக்குள் முடிகிற கதை இல்லை அது.

கோவில்பட்டிக்கு வடக்கே, கரிசல் காட்டுக்குள் இருக்கிறது எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி. பருத்தி, உளுந்து, மிளகாய், கொஞ்சம் கம்பு. மழை பெய்தால் கால் பதியப் பதிய ஒட்டும் மண். பெய்யாவிட்டால் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அப்பாவுக்கு மூன்று ஏக்கரும் ஒரு சோடி மாடும் இருந்தன. அம்மா ராத்திரியில் லாந்தர் வெளிச்சத்தில் தீப்பெட்டி ஒட்டுவாள். எங்கள் வீட்டில் இருந்தவற்றில், வெளியூர்க்காரர்கள் நின்று பார்க்கும்படியாக இருந்தது செம்பி ஒன்றுதான்.

செம்பி, கன்னி இன வேட்டை நாய். உடம்பு முழுக்கக் கறுப்பு. இரண்டு கண்களுக்கு மேலேயும் காசு ஒட்டி வைத்ததுபோலச் செம்பு நிறப் பொட்டு. அதே நிறம் நாலு பாதங்களிலும் இருக்கும். ஒட்டிய வயிறு, சாட்டை போன்ற வால். காட்டில் அது ஓடும்போது நாலு காலும் தரையில் படாத ஒரு கணம் வரும். அந்தக் கணத்தைப் பார்ப்பதற்காகவே நான் அதை ஓடவிட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் கன்னி நாயை முன்பெல்லாம் காசுக்கு விற்க மாட்டார்கள் என்றும், பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சீரோடு ஒரு குட்டியும் போகும் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். அம்மாவுக்கும் அப்படித்தான் வந்தது. அம்மா கல்யாணமாகி வந்தபோது தாத்தா கொடுத்தனுப்பிய கன்னிக்குட்டியின் பேத்தி செம்பி. அப்படிப் பார்த்தால், அது அம்மாவின் தாய்வீட்டுச் சொத்து.

அந்த வருடம் நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. சேர்க்கைக் கட்டணமும் விடுதி முன்பணமுமாக ₹1,850 கட்ட வேண்டும். வீட்டில் இருந்த உளுந்தைப் போட்டதில் ₹650 கிடைத்தது. மீதி ₹1,200-க்கு அப்பா ஒரு வாரம் அலைந்தார். முந்தைய இரண்டு வருடமும் விளைச்சல் சரியில்லை. கேட்ட இடத்திலெல்லாம் அவர்களுக்கே இல்லை.

சாத்தூர்ப் பக்கத்துப் பஞ்சு வியாபாரி ஒருவர் செம்பியை ஏற்கெனவே இரண்டு முறை விலைக்குக் கேட்டிருந்தார். அப்பா சிரித்துவிட்டு மோர் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மூன்றாவது முறை அப்பாவே ஆள் சொல்லி அனுப்பினார்.

மாட்டுச் சந்தையில் அப்பா விலை பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் எதிராளியின் விரல்களைப் பிடித்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் பேரம் பேசுவார். பத்து ரூபாய்க்காகக் கால் மணி நேரம் நிற்பார். செம்பிக்கு அவர் பேரமே பேசவில்லை. வியாபாரி எண்ணிக் கொடுத்ததை எண்ணிக்கூடப் பார்க்காமல் சட்டைப் பைக்குள் வைத்தார். மாடு விற்றால் பழைய கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டு வெறும் மாட்டைத்தான் ஒப்படைப்பார். அதே வழக்கப்படி செம்பியின் கழுத்தில் கிடந்த மணிக் கயிற்றை அவிழ்த்தார். விரல் தடுமாறியது, முடிச்சு லேசில் வரவில்லை. அவிழ்க்கிற கையைச் செம்பி நக்கிக்கொண்டே இருந்தது. காட்டுக்குப் போகும்போதும் அப்படித்தான் கயிற்றை அவிழ்ப்பார். அது அப்படித்தான் நினைத்திருக்கும்.

ஜீப் போன பிறகு அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மறுநாள் அப்பா என்னைத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போய்ப் பணத்தைக் கட்டினார். ரசீதை என்னிடம் கொடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆறாம் நாள் மதியம் ஜீப் திரும்பி வந்தது. பஞ்சு வியாபாரியே இறங்கினார். "அண்ணாச்சி, அஞ்சு நாளாகத் தண்ணீர் தவிர ஒன்றையும் வாயில் வைக்கவில்லை. கறி போட்டும் பார்த்துவிட்டேன். வாசலைப் பார்த்துப் படுத்ததுதான், திரும்பவே இல்லை. ஓர் உயிரைக் கொன்ற பாவம் எனக்கு வேண்டாம்" என்றார். பின்பக்கத்தில் கோணி மேல் செம்பி கிடந்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம்.

அப்பா பக்கத்தில் போகவில்லை. முருங்கை மரத்தடியிலேயே நின்றார். போக அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். செம்பிதான் இறங்கியது. இறங்குகிறபோது பின்னங்கால் மடங்கி விழுந்து, எழுந்து, நேராக அவரிடம் போய், முகத்தை அவர் முழங்கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டது. வால் ஆடியது. உடம்பில் அசைவதற்குத் தெம்பிருந்தது வாலில் மட்டும்தான். அப்பா அழுது நான் பார்த்தது இரண்டு முறை. அதில் இது முதலாவது.

நாலடியாரில் ஒரு வெண்பா உண்டு. யானையைப் போன்றவர்களின் நட்பை விட்டு, நாயைப் போன்றவர்களின் நட்பைக் கொள் என்று சொல்லும். யானை பல காலம் பழகியும் பாகனையே கொன்றுவிடும். நாயோ, "எறிந்தவேல் மெய்யதா வால்குழைக்கும்". தன் மேல் எறியப்பட்ட வேல் உடம்பில் தைத்து நிற்கும்போதே, எறிந்தவனைப் பார்த்து வாலை ஆட்டும். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடச் செய்யுளாக ஒப்பித்திருக்கிறேன். நட்பைப் பற்றிய பாட்டு என்று அதற்கு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். வேலை எறிந்தவனின் நிலைமை என்ன என்று அந்த வயதில் நான் யோசித்ததில்லை. முருங்கை மரத்தடியில் அதைப் பார்த்தேன்.

பணம் அவசரமில்லை, முடிகிறபோது கொடுங்கள் என்றுதான் வியாபாரி சொன்னார். பெருந்தன்மையான மனிதர். அப்பா கேட்கவில்லை. மறுநாள் காலை, அம்மாவின் சிவப்புக்கல் கம்மல், தாய்வீட்டில் போட்ட அரைப் பவுன், அடகுக் கடைக்குப் போனது. கிடைத்த ₹1,200-ஐ அப்பா அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். கழற்றிக் கொடுக்கும்போது அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கஞ்சித் தண்ணீரைக் கையில் அள்ளி அள்ளிச் செம்பிக்குப் புகட்டிக்கொண்டிருந்தாள்.

கம்மல் திரும்பி வரவில்லை. வட்டி ஏறி, ஏலத்தில் போய்விட்டது. காது ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க அம்மா வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தாள். எனக்கு வேலை கிடைத்து, முதல் தீபாவளிக்கு ஒரு சோடி கம்மல் வாங்கிக் கொடுக்கும் வரை, ஐந்து வருடம் அந்த வேப்பங்குச்சிதான். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் முதலில் என் கண்ணில் படுவது அந்தக் குச்சியும், அம்மாவின் காலடியில் படுத்திருக்கும் செம்பியும்தான்.

ஒரு பிராணியின் விசுவாசம் பணத்தைவிடப் பெரிதா என்று யாராவது கேட்டால் பெரும்பாலும் உடனே "ஆமாம்" என்கிறோம். அந்த அவசரத்தை நான் நம்புவதில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு தொகை இருந்தது. அந்தத் தொகை என் படிப்புக்குப் போனது. செம்பியை விற்காவிட்டால் நான் கல்லூரிக்குப் போயிருக்க மாட்டேன். இன்று குட்டிக்குச் செலவு செய்ய என்னிடம் சம்பளமும் இருந்திருக்காது. அப்பா விற்றதை நான் ஒருநாளும் குற்றமாக நினைத்ததில்லை. வழியில்லாதவன் விற்பதும், வசதியுள்ளவன் கைவிடுவதும் ஒன்றல்ல. பணத்தை அற்பமாகப் பேசுவது அது இருப்பவர்களுக்கு எளிது.

இதை எனக்கு மறுபடியும் உறைக்க வைத்தவர் சென்னையில் பூ விற்கும் ஒரு பெண்மணி. குட்டியின் ஸ்கேனை இன்னொரு மருத்துவரிடமும் காட்டலாம் என்று வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போயிருந்தேன். 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. காலையிலேயே வரிசை நீண்டிருந்தது. குளிர்சாதனக் காரில் வந்திறங்கிய லாப்ரடார், ஆட்டோவில் வந்த ஆடு, அட்டைப் பெட்டிக்குள் பூனை. எனக்கு முன்னால் அந்த அம்மாள், காலில் அடிபட்ட ஒரு செம்மண் நிற நாயைக் கோணியில் கிடத்தி, பெஞ்சில் இடம் இருந்தும் தரையில் உட்கார்ந்திருந்தார். நாயின் தலை அவர் மடியில் இருந்தது.

பேச்சுக் கொடுத்தேன். இரவில் நடைபாதையில்தான் படுக்கை. வியாபாரப் பணம் இரண்டு முறை தலைமாட்டிலிருந்து திருட்டுப் போயிருக்கிறது. இந்த நாய் பக்கத்தில் படுக்க ஆரம்பித்த பிறகு ஒருமுறைகூடப் போகவில்லையாம். "இவன் இருக்கிறான் என்றுதான் ஐயா நான் கண்ணை மூடுவேன்" என்றார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, வெளியே மருந்து வாங்குவதற்காக வைத்திருந்த பத்து, இருபது ரூபாய்த் தாள்களை மடியில் நீவி நீவி அடுக்கினார். மல்லிகை வாசம் ஏறிய தாள்கள். இரண்டு நாளாக வியாபாரத்துக்குப் போகவில்லை என்றார். அதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். அந்த நாய் காத்துக் கொடுத்த காசு அது. அதிலிருந்து நாய்க்குச் செலவு போகிறது. அவருடைய வாழ்க்கையில் விசுவாசம் ஒரு பக்கம், பணம் இன்னொரு பக்கம் என்று தனித்தனியாக இல்லை.

பழைய நாட்களிலும் இப்படித்தான் இருந்திருக்கும். திருவண்ணாமலை மாவட்டத்தில், தண்டராம்பட்டுப் பக்கம், எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளுக்காக நடந்த சண்டையில் உயிர் விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அதே கல்லில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயரையும் எழுதியிருக்கிறார்கள்: கோவிவன். கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதைக் கல்வெட்டு சொல்கிறது.

அந்தப் பெயரை முதன்முறை படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னால், எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே அரிதான ஒரு சிற்றூரில், யாரோ ஒருவர் கல்தச்சனிடம் நாயின் பெயரையும் வெட்டச் சொல்லியிருக்கிறார். மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்ற பொருள் உள்ள மொழி நம்முடையது. ஊரின் செல்வத்தைக் காத்த நாய் என்பதால் கல் கிடைத்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் செல்வத்தைக் காத்ததற்குக் கூலியாக ஒரு வேளைச் சோறு போதும். பெயரை வெட்ட வேண்டிய தேவை இல்லை. பெயர் வெட்டுவது துக்கத்தால் செய்கிற வேலை.

இன்னொரு கல் கர்நாடகத்தில், மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் இருந்தது. இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் கதைக்கும் நம் மண்ணுக்கும் தொடர்பு உண்டு. 949-ஆம் ஆண்டு அரக்கோணத்துக்கு அருகே உள்ள தக்கோலத்தில் சோழர்களுக்கும் ராஷ்டிரகூடர்களுக்கும் நடந்த போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே மாண்டான். ராஷ்டிரகூடர் பக்கம் நின்று போரிட்ட கங்க மன்னன் பூதுகனிடம் மணலேரன் என்ற வீரன் இருந்தான். அவன் வீரத்தில் மகிழ்ந்த மன்னன், வேண்டியதைக் கேள் என்றான். வென்ற மன்னன் வாய் திறந்து கேட்கச் சொல்கிறான். ஊரைக் கேட்கலாம், பொன்னைக் கேட்கலாம். மணலேரன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை.

பிறகு ஒருநாள் காளி பெரிய காட்டுப்பன்றி ஒன்றோடு மோதியது. பன்றியும் செத்தது, காளியும் செத்தது. காளிக்காக ஊரில் கல் நட்டு, அந்தக் கல்லுக்கு வழிபாடு தவறாமல் நடக்க நிலமும் விட்டார்கள். கல்லின் மேற்பகுதியில் நாயும் பன்றியும் கட்டிப் புரளும் காட்சி இருக்கிறது. அலுவலக வேலையாகப் பெங்களூரு போனபோது அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். பன்றி நாயைவிடப் பெரிது. நாய் பிடியை விடவில்லை. தக்கோலப் போரின் வெற்றியைச் சொல்லும் வரிகளை வரலாற்று ஆசிரியர்கள் மேற்கோள் காட்டுவார்கள். என் கண் அந்த நாயின் முதுகு வளைவிலேயே நின்றது. செம்பியின் முதுகும் ஓடும்போது அப்படித்தான் வளையும்.

இதெல்லாம் சோற்றுக்காக வருகிற பழக்கம்தானே, இதைப் போய் விசுவாசம் என்று நாம் பெரிதுபடுத்துகிறோமே என்று சொல்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் எமோரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெகரி பெர்ன்ஸ் என்ற மூளை ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். நாய்களை மயக்க மருந்து கொடுக்காமல், எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கினார். ஒரு பொம்மையைக் காட்டினால் தின்பண்டம் வரும், இன்னொன்றைக் காட்டினால் வளர்ப்பவர் வந்து கொஞ்சிப் பாராட்டுவார் என்று கற்றுக் கொடுத்து, எதற்கு மூளை எவ்வளவு மகிழ்கிறது என்று அளந்தார்கள். 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். 15 நாய்களில் 13-க்கு, பாராட்டு வரப்போகிறது என்று தெரிந்ததும் மூளையில் எழுந்த கிளர்ச்சி தின்பண்டத்துக்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ இருந்தது. மீதி இரண்டுக்குத் தின்பண்டம்தான் பெரிது. அந்த இரண்டையும் எனக்குப் பிடித்திருக்கிறது. எல்லா நாயும் ஒரே அச்சு இல்லை என்று காட்டுகின்றன.

செம்பிக்கு அந்த வியாபாரி வீட்டில் கறி போட்டார்கள். எங்கள் வீட்டில் கம்பங்கஞ்சிதான். எனக்கு அந்த ஆய்வே தேவையிருக்கவில்லை, ஆனாலும் படித்தபோது யாரோ செம்பிக்காகச் சாட்சி சொன்னதுபோல இருந்தது.

நான் கோபப்படுவது வேறு சிலர் மேல். பனிப்பிரதேசத்து ஹஸ்கியைப் பெரும் விலை கொடுத்து வாங்கிச் சென்னை வெயிலில் மொட்டை மாடியில் கட்டிப் போடுகிறார்கள். குட்டியாக இருக்கும்போது படம் எடுத்துப் போடுகிறார்கள். முடி கொட்டுகிறது, தோல் புண்ணாகிறது, வீடு மாறுகிறார்கள் என்றதும், ஒருநாள் இரவு காரில் ஏற்றிப் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். விட்டுப்போன கார் வரும் என்று அதே இடத்தில் நாட்கணக்காக உட்கார்ந்திருக்கும் நாயை நான் பார்த்திருக்கிறேன். சாம்பல் நிறக் கார் எது வந்தாலும் அது எழுந்து நின்றது. மற்ற நிறக் கார்களுக்கு எழவில்லை. பிஸ்கட் வைத்தேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதை மீட்டுக் கொண்டுபோக ஆட்கள் வரும் வரை ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் நாலு சாம்பல் நிறக் கார்கள் போயின.

என் அப்பா காசுக்கு விற்றார், ஆறு நாள் சோறு இறங்காமல் கிடந்தார். இவர்கள் காசு கொடுத்து வாங்கியவர்கள். விலை கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் கடன் அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

செம்பி அதற்குப் பிறகு ஏழு வருடம் இருந்தது. 2001 மாசியில் ஒரு விடியற்காலை, அப்பாவின் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் படுத்தபடியே போய்விட்டது. அப்பா அதைப் பருத்திக் காட்டு வரப்பில் குழி தோண்டிப் புதைத்தார். கழுத்திலிருந்து அவிழ்த்த மணிக் கயிறு மட்டும் வீட்டு உத்தரத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. 2009-இல் அப்பாவும் போன பிறகு, வீட்டை மராமத்துப் பார்க்க வந்த கொத்தனார் அதைக் கழற்றி எறியப் போனபோது, அம்மா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

குட்டிக்கு உடம்பு சரியில்லை என்று தொலைபேசியில் சொன்னேன். மூன்றாம் நாள் அம்மா ரயில் ஏறி வந்துவிட்டாள். எழுபத்தாறு வயது, தனியாக. எழும்பூரில் இறங்கியவளை வீட்டுக்கு அழைத்து வந்ததும், கால் கழுவிவிட்டு நேராகக் குட்டி படுத்திருந்த இடத்துக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சன்னல் கம்பியில் சலைன் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

இந்த மூன்று வாரத்தில் என்னிடம் விசாரித்தவர்கள் பலர். அலுவலகத்து நண்பர், மேல்வீட்டுக்காரர், மைத்துனர், மருந்துக்கடைப் பையன். எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் எவ்வளவு ஆனது என்று கேட்டார்கள். அம்மாவும் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். பாதியாகக் குறைத்துச் சொல்ல ஒரு தொகையையும் மனத்துக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். அன்றைய தங்க விலைக்கு மொத்தச் செலவு ஏறத்தாழ அரைப் பவுன் ஆகியிருந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

அம்மா காதுக் கம்மலைத் திருகிக்கொண்டே குட்டியின் நெற்றியைத் தடவினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏதாவது சாப்பிட்டதா ஐயா?"

"இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை அம்மா."

எழுந்து அடுக்களைக்குப் போனாள். உப்புப் போடாமல் ஒரு கைப்பிடி அரிசியைக் குழைய வேகவைத்து, கஞ்சித் தண்ணீரோடு சேர்த்து ஆற்றி, கிண்ணத்தில் எடுத்து வந்தாள். உட்கார்ந்து, உள்ளங்கையைக் குழித்து, அதில் கொஞ்சம் ஊற்றிக் குட்டியின் வாய்க்கு அருகே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வா என்றோ, சாப்பிடு என்றோ சொல்லவில்லை. கஞ்சி விரலிடுக்கில் வழிந்து தரையில் சொட்டியது. மறுபடியும் ஊற்றிக்கொண்டாள்.

நான்காம் முறை குட்டி நாக்கை நீட்டியது.